மிச்சிகனில் சூரியன் பிந்தி வரும்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
மொன்றியல், 2 யூலை 2024

அன்புள்ள சாம்பவி அக்காவுக்கு,

வீட்டில் மூன்று பேரும் சுகம். மழை வரப்போகும் நாளில் அம்மாவின் முழங்கால் நோகும். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். டொக்டரிடம் சுகம் விசாரிப்பது முறையோ தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நித்திரை கொள்கிறீர்களா?

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நீங்கள் தொலைபேசி எடுத்ததும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அப்பா தொலைக்காட்சிக்கு மேலால் கத்துகிறார். பக்கத்து வீட்டு நாயும் பதில் சொல்லுகிறது. அதற்குள் உங்களிடம் ஒன்றும் கேட்க முடியாது. கடிதத்துக்கு ஸ்பீக்கர் இல்லை. தெருமுனை டெப்பனரில் முத்திரை வாங்கினேன். கடைக்காரர் தூசி தட்டித்தான் எடுத்துத் தந்தார்.

கோயிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்னதான வரிசையில் சிவநேசம் மாமி அம்மாவிடம் உங்களைப் பற்றி விசாரித்தார். அம்மா வாயைத் திறக்க முதல் அப்பா சொல்லிவிட்டார்.

“உள் மருத்துவம் முடிச்சிட்டா. இனி ஹார்ட்.”

“ஹார்ட்டோ? உங்கட மகள் ஒஸ்தியோபதி எல்லோ படிச்சவ?” என்றார் மாமி. “சென் ஜோன் வீதியில போர்ட் போட்டு இருக்கினமே, முதுகு பிடிச்சு விடுறவை. எனக்கும் இடுப்பு, நாரி பிடிச்சுக் கிடக்குது. பிள்ளை வந்தால் ஒருக்காச் சொல்லுங்கோ.”

அம்மா சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

நான் நூலகத்தில் வாசித்துப் பார்த்தேன். கியூபெக்கில் ஒஸ்தியோபத் என்றால் டொக்டர் இல்லை. மாமி சொன்னது இங்கே சரி. அமெரிக்காவில் டி.ஓ., அதாவது ஒஸ்தியோபதி மருத்துவம், படித்தவர் எம்.டி. படித்தவரைப் போலவே முழு டொக்டர். மருந்து எழுதலாம், ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்யலாம், எந்தச் சிறப்புத் துறைக்கும் போகலாம். இதை மாமியிடம் சொல்லட்டுமா, விடட்டுமா?

வாசிக்கும்போது இன்னொன்றும் கண்டேன். உள் மருத்துவப் பயிற்சி மூன்று வருடமாம். அதற்குப் பிறகு ஹார்ட், வயிறு, சிறுநீரகம் என்று சிறப்புப் பயிற்சிக்குப் போவார்களாம். அதற்குப் பெலோஷிப் என்று பெயராம். உங்களுக்கு இந்த மாதம் நாலாவது வருடம் தொடங்குகிறது. அது ஏன் என்று அறிய ஆசை.

உங்கள் பதிலுக்குத் தபால்பெட்டியைப் பார்த்தபடி,
தங்கை தாட்சாயினி

*

மிச்சிகன்,
21 யூலை 2024

என் அன்புத் தாட்சாவுக்கு,

சாப்பிடுகிறேன். நித்திரையும் கொள்கிறேன், ஆனால் ஒரே தடவையில் இல்லை. உன் கடிதம் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வந்தது. வாட்டில் எல்லாரும் முத்திரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அம்மாவை முழங்காலுக்குக் கட்டிலில் காலை நீட்டி வைத்துப் பயிற்சி செய்யச் சொல். செய்யமாட்டார், ஆனாலும் சொல்.

சிவநேசம் மாமியுடன் வாதாட வேண்டாம். எங்கள் கல்லூரியில் கையால் பிடித்துச் சுகப்படுத்துவதையும் படிப்பித்தார்கள். அடுத்த முறை வந்தால் உண்மையாகவே அவரின் நாரியைப் பிடித்துவிடுவேன். நோகும்.

இந்த மாதம் விண்ணப்பங்கள் போகின்றன. ஓகஸ்ட் தொடங்கி நேர்முகம். பிறகு நாங்கள் விரும்பிய இடங்களை ஒழுங்காக எழுதிக் கொடுப்போம். அவர்கள் தங்களுக்கு விருப்பமானவர்களை எழுதிக் கொடுப்பார்கள். கணினி இரண்டையும் வைத்துப் பொருத்தம் பார்க்கும். அம்மாவிடம் சாதகப் பொருத்தம் மாதிரி என்று சொன்னால் விளங்கிவிடும்.

இந்த வருடம் நான் தலைமை றெசிடென்ற், பயிற்சி டொக்டர்களுக்குப் பொறுப்பு. புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நேற்று ஒரு நோயாளிக்கு உப்புக் கணக்குப் பிழைத்திருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது, ஏனென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தோம். அவர் உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் மாற்று உப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்; அது முழுக்கப் பொட்டாசியம்! பழைய கார்த் தொழிற்சாலைக்காரர். தன் சிறுநீரகத்தைவிடத் தன் ஊறுகாயைத்தான் அவர் அதிகம் நேசிக்கிறார்.

நன்றாக வாசி. வெயிலில் தொப்பி போடு.
அன்புடன் அக்கா

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
11 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். அம்மா காலை நீட்டவில்லை. நான் தொப்பி போடுகிறேன். நீங்களும் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

உங்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் ஒரு ஆராய்ச்சி செய்திருக்கிறேன். நூலகத்தில் இருந்து பெலோஷிப் முடிவுகளையெல்லாம் வாசித்து, நிறம் தீட்டி ஒரு வரைபடம் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். நீலம் எம்.டி., செம்மஞ்சள் டி.ஓ. ஹார்ட்டில் செம்மஞ்சள் கட்டம் எவ்வளவு கட்டை என்று பாருங்கள். சில பெரிய ஆஸ்பத்திரிகளின் இணையப் பக்கத்தில் அங்கே பயில்பவர்களின் படங்களையும் பார்த்தேன், ஒரு டி.ஓ. கூட இல்லை. சில இடங்களில் எம்.டி.க்காரரின் பரீட்சைப் புள்ளியும் கேட்கிறார்கள். அந்தப் பரீட்சையையும் நீங்கள் எழுதினீர்களா?

சிறுநீரகத்திலும் தொற்றுநோயிலும் ஒவ்வொரு வருடமும் இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றனவாம். ஒருவரும் விரும்பாத இடத்துக்கு யார்தான் போவார்கள், பாவம். நல்ல வேளை, நீங்கள் ஹார்ட்.

அப்பா துறைமுகத்தில் லொறி ஓட்டும் விமலநாதன் மாமாவுக்கும் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கோபம். “முடிவு வர முதல் ஊருக்குச் சொன்னால் நாவூறு படும். உங்கட வாயைக் கொஞ்சம் மூடி வையுங்கோ,” என்றார். அப்பா, “என்ர பிள்ளையைப் பற்றி நான் கதைக்காமல் ஆர் கதைக்கிறது?” என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பித் தோசை சாப்பிட்டார்கள்.

எத்தனை இடத்தில் இருந்து நேர்முகத்துக்கு அழைத்தார்கள்? எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

ஆவலுடன்,
தாட்சாயினி

*

மிச்சிகன்,
29 செப்ரெம்பர் 2024

அன்புத் தாட்சாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. சுகமாக இருக்கிறேன். வேலைதான் வழமையைவிடக் கூட. நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

நேர்முகங்கள் கணினியில்தான் நடக்கின்றன. இடுப்புக்கு மேலே கோட்டு, கீழே வீட்டில் போடும் காற்சட்டை. சிலர் நல்லவர்கள். ஒருவர் முதல் கேள்வியாகவே “ஏன் டி.ஓ. படித்தீர்கள்?” என்று கேட்டார். கனடாவில் ஒரு கதவும் திறக்கவில்லை, அந்தக் கதவு திறந்தது, உள்ளே போன பிறகு வீடு பிடித்துவிட்டது என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

இல்லை, மற்றப் பரீட்சையை நான் எழுதவில்லை. அந்த நேரத்தில் ஒன்று போதும் என்றார்கள்.

வரைபடம் வடிவாக இருந்தது. இனி எனக்கு எண்கள் அனுப்பாதே, தாட்சா.

அக்கா

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
14 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு உடம்பும் மனமும் நன்றாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

வரைபடத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கட்டங்களுக்கு நிறம் தீட்டும்போது அதற்குள் ஆட்கள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இன்று நன்றி சொல்லும் நாள் விடுமுறை. உங்கள் இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்துத் திரும்ப வாசித்தேன். அதில் ஹார்ட் என்ற சொல்லே இல்லை. உப்பு இருக்கிறது, சிறுநீர் இருக்கிறது, ஊறுகாய்க்காரர் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதிய இடத்தில் உங்கள் எழுத்து ஓடுகிறது. பல் துலக்காமல் கதைப் புத்தகம் வாசிக்கிற என்னைப் போல ஓடுகிறது.

போன வருடம் நவம்பர் கடைசியில் நீங்கள் தொலைபேசி எடுக்காத நாட்களும் நினைவுக்கு வந்தன. நத்தார் விடுமுறைக்கு நீங்கள் வரவில்லை. வேலை என்றீர்கள். நாலாவது வருடம் ஏன் என்று யூலையில் கேட்டேன். நீங்கள் படிப்பிப்பதைப் பற்றி எழுதினீர்கள்.

நான் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வாயை மூடவும் தெரியும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்தக் குணம் அப்பாவிடமிருந்து எனக்கு வரவில்லை.

‘ஒருவரும் விரும்பாத இடம்’ என்று எழுதினேன். அந்த வரியை அழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
தாட்சாயினி

*

மிச்சிகன்,
3 நவம்பர் 2024

என் தாட்சாக் குட்டிக்கு,

நான் நலம். இதை உண்மையாகவே எழுதுகிறேன். போன கடிதத்தில் பழக்கத்துக்கு எழுதினேன்.

நீ கேட்காமல் விட்டதற்கு நன்றி. அதனால் சொல்லுகிறேன். போன வருடம் ஹார்ட்டுக்குத்தான் விண்ணப்பித்தேன். முடிவு ஒரு புதன்கிழமை நண்பகலில் வந்தது. ஒரே வரி. அதை வாசித்து முடிக்க என் பேஜர் அடித்தது. கீழே ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்றார்கள். போனேன். அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நானும் கொஞ்சம் கொஞ்சமாக.

இந்த வருடம் சிறுநீரகம். ஹார்ட் கிடைக்காததால் இதை விரும்பினேனா, இதை விரும்பியதால் ஹார்ட்டை விட்டேனா என்று பல மாதம் என்னையே கேட்டேன். இப்போது கேட்பதில்லை. ஊறுகாய்க்காரர் கிழமைக்கு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்க வருகிறார். நான் விடுமுறை நாளிலும் அவரின் கணக்கைப் பார்க்கப் போகிறேன். ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

இடங்கள் நிரம்பாமல் கிடப்பது உண்மை. ஆனால் எந்த இடமும் போதும் என்று போக முடியாது, தாட்சா. நல்லாகப் படிப்பிக்கும் இடமாக இருக்க வேண்டும், என் விசாவுக்குக் கையெழுத்துப் போடும் இடமாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை அதிகம் இல்லை. விசா யூனுடன் முடிகிறது. இந்த முறையும் வெறும் ஒரு வரி வந்தால் சூட்கேசுடன் உன் அறைக்குத்தான் வர வேண்டும். அலமாரியில் பாதி தருவாயா?

இந்த மாதம் பட்டியல் கொடுக்க வேண்டும். கிடைக்குமா என்று பார்த்து எழுதக்கூடாது, விரும்பியதை விரும்பிய ஒழுங்கில் எழுத வேண்டும் என்பது விதி. கேட்க இலகு. நானோ அழித்து அழித்து எழுதுகிறேன். முடிவு டிசெம்பர் 4, புதன், நண்பகல்.

அம்மாவுக்கு நாளைச் சொல்லலாம். துறையைச் சொல்லாதே. அப்பாவுக்கு அதை நானே சொல்ல வேண்டும். கோயிலில் அவர் சொல்லிவைத்த ஒவ்வொரு ஹார்ட்டையும் எப்படித் திருப்பி எடுப்பார் என்று நினைத்தால்தான் எனக்கு நித்திரை வருவதில்லை.

உன் நம்பிக்கையில்,
அக்கா

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
18 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அலமாரியில் பாதி உண்டு. கட்டிலில் சுவர்ப் பக்கமும் உண்டு. ஆனால் நீங்கள் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். இப்படி ஒரு வேண்டுதலை ஒரு தங்கை எழுத நேர்ந்துவிட்டது. எல்லாரும் சுகம்.

தபால்காரர் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. விமலநாதன் மாமா துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றி உங்கள் பக்கம்தான் ஒவ்வொரு கிழமையும் வருகிறாராம். “இனி நான்தான் தபால்காரன். முத்திரைக்குப் பதிலா ஒரு பார்சல் மிக்ஸர் தா,” என்றார். அம்மா உங்களுக்குப் பயற்றம்பணியாரமும் வைத்திருக்கிறார். வழியில் குறையும். மாமாவிடம் விசாரிக்க வேண்டாம்.

நாளைச் சொன்னேன். பெரிய பிழை.

“புதன்கிழமை நண்பகலோ?” அம்மா கோயில் கலண்டரைக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டார். “முழு இராகு காலமடி! அந்த அமெரிக்கக்காரரிட்ட ஒரு பஞ்சாங்கம் கூட இல்லையோ?”

“அம்மா, அது நாடு முழுக்க ஒரே நேரத்தில வாறது.”

“அப்ப நாடு முழுக்கத்தான் பிழை. ஒரு மணிக்குப் பிறகு திறக்கச் சொல்லு. அதுவரைக்கும் போனைத் தொடக்கூடாது.”

“திறந்தாலும் திறக்காட்டியும் உள்ளுக்க இருக்கிறது ஒண்டுதானே.”

“நீ புத்தகம் வாசிக்கிறனி, உனக்கு உது விளங்காது,” என்றார். அதன் பிறகு சாமி அறைக்குப் போய்விட்டார். கோபம் இல்லை, அக்கா. பயம்.

இன்னுமொன்று. சனிக்கிழமை அப்பா என்னை நூலகத்துக்குக் காரில் கொண்டு போனார். சிவப்பு விளக்கில் நின்றபோது, “பிள்ளை, சிறுநீரகத்துக்குப் பிரெஞ்சில என்ன?” என்று கேட்டார். “ரேன்,” என்றேன். “ம்,” என்றார். விளக்குப் பச்சையானது. அவ்வளவுதான். சத்தியமாக நான் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டியலை அழிக்காமல் கொடுங்கள். அழித்து எழுதினாலும் கொடுங்கள்.
தாட்சாயினி

*

மிச்சிகன்,
23 நவம்பர் 2024

தாட்சா,

சுகம். மாமா லொறியை நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிட்டு நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். பணியாரம் பாதி வந்தது. பட்டியல் கொடுத்துவிட்டேன். விரும்பிய ஒழுங்கில்.

அப்பா அப்படியா கேட்டார்? அதை வாசித்துவிட்டு லொறிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். மாமா, “என்ன பிள்ளை, சீனி குறைஞ்சு போச்சோ?” என்றார்.

அம்மாவுக்குச் சொல்: ஒரு மணிக்குப் பிறகுதான் திறப்பேன். உனக்கு மட்டும் ஒன்று. போன வருடம் நான் சரியாக நண்பகலில்தான் திறந்தேன். அது காரணமில்லை என்று எனக்குத் தெரியும். ஏழு வருடம் மருத்துவம் படித்துப் பயின்றவள் நான். ஆனாலும் அந்த நினைப்பு ஒரு மூலையில் இருந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. சிரிக்காதே.

அக்கா

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
30 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. நூலகத்துக்குப் போனேன். எங்கள் சுகத்தை மாமா வாயால் கேளுங்கள். இது முக்கியமான கடிதம்.

இராகு காலம் மணிக்கூட்டில் இல்லை, அக்கா. சூரியனில் இருக்கிறது. சூரியன் எழுந்ததில் இருந்து மறையும் வரை பகலை எட்டாகப் பிரிக்கிறார்கள். புதன்கிழமை ஐந்தாவது பங்கு இராகுவுக்கு. அப்படியென்றால் சூரியன் உச்சிக்கு வந்ததும் தொடங்கும். கோயில் கலண்டரில் இருப்பது மொன்றியல் சூரியன். இங்கே டிசெம்பரில் பன்னிரண்டு மணிக்கு முன்பே உச்சி வந்துவிடும், அதனால்தான் அம்மா பயப்படுகிறார்.

நீங்கள் எங்களுக்கு மேற்கே நெடுந்தூரம். ஆனால் மிச்சிகன்காரர் எங்கள் மணிக்கூட்டையே வைத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் சூரியன் பிந்தி வரும். உங்கள் ஊரில் உச்சி பன்னிரண்டு இருபதும் தாண்டித்தான்! நண்பகலில் முடிவு வரும்போது உங்களுக்கு இராகு காலம் தொடங்கியே இருக்காது. இருபது நிமிடம் சுத்தமான நேரம் இருக்கிறது.

அம்மா நம்பவில்லை. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஐயரிடம் கேட்டோம். அவர் என் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “மகள் இருக்கிற ஊர்ச் சூரியன்தான் மகளுக்குக் கணக்கு,” என்றார். “உந்தப் பிள்ளை சரியாத்தான் செய்திருக்குது.” அம்மா வீட்டுக்கு வந்ததும் கலண்டரைத் திரும்பச் சுவரில் மாட்டினார். மாட்டிவிட்டு, “பன்னிரண்டுக்கே திறக்கச் சொல்லு. பிந்தக்கூடாது,” என்றார். இதை அவர் தொலைபேசியிலும் சொல்லுவார். ஆனால் அடுத்ததை ஸ்பீக்கரில் சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வருடத்துக்கும் கணக்குப் பார்த்தேன். அந்தப் புதனும் இப்படித்தான். நீங்கள் திறந்தபோது உங்கள் ஊரில் இராகு காலம் இல்லை. ஆகவே அது இராகுவால் நடக்கவில்லை. உங்களாலும் நடக்கவில்லை. இடம் குறைவு, ஆட்கள் கூட, உங்கள் பரீட்சையை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அவ்வளவுதான். மூலையில் இருப்பதை எழுப்பி அனுப்பிவிடுங்கள்.

புதன்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள், எங்களுக்குப் பாடசாலை இல்லை. நான் வீட்டில் இருப்பேன்.

தாட்சாயினி

*

மிச்சிகன்,
4 டிசெம்பர் 2024

என் தங்கச்சிக்கு,

எழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள். நலம், நலம், நலம்.

பஃபலோ. சிறுநீரகம். என் பட்டியலில் இரண்டாவது. ‘ஏன் டி.ஓ.?’ என்று கேட்டாரே ஒருவர், அவரின் இடம்தான். அன்று அவர் என்ன குறித்துக்கொண்டார் என்று ஒரு நாள் கேட்க வேண்டும்.

இரத்தச் சுத்திகரிப்பு வாட்டில் நின்றுதான் திறந்தேன். பன்னிரண்டுக்கே. முதலில் ஒரு வரி. பயந்துபோனேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. ஊறுகாய்க்காரர் கையில் குழாயுடன் படுத்திருந்தார். “என்ன டொக்டர், யாரும் செத்துப்போனார்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்படியென்றால் உட்காருங்கள்,” என்றார். அவரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பல மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றை நிலத்தில் வைத்த மாதிரி இருந்தது. தோள் இரண்டும் தங்கள் பாட்டில் இறங்கின.

உச்சி வர முதல் வீட்டுக்கு எடுத்துவிட்டேன். அம்மா சொன்னதெல்லாம் ஸ்பீக்கரில் நீயும் கேட்டிருப்பாய். அதனால் அதை எழுதவில்லை. மாமா நாளைக்கு ஊர் திரும்பும் வழியில் இந்தப் பக்கம் வருகிறார். இதை அவரிடம் கொடுப்பேன்.

அலமாரி முழுவதும் உனக்கே.
அக்கா

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
8 டிசெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் கூட. தபால்காரர் இன்னும் வரவில்லை, மாமா வந்தார். உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊறுகாய்க்காரர் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. போன வருடமும் அந்த நாளைத் தேடிப் பார்த்து, லொங்குய்யில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாராம். அடிக்கவில்லை. “சில நாள் கழிச்சு எடுத்து, அப்பா அங்க ஸ்நோ கொட்டுதோ எண்டு கேட்டவள். சாம்பவி எப்ப ஸ்நோவைப் பற்றிக் கேட்டவள்?” என்றார். மே மாதம் நீங்கள் வந்து நின்றபோது கட்டிலடியில் கிடந்த சிறுநீரகப் புத்தகத்தையும் கண்டிருக்கிறார்.

“அப்ப ஏனப்பா எல்லாரிட்டயும் ஹார்ட் ஹார்ட் எண்டனீங்கள்?”

“நான் நிப்பாட்டியிருந்தால், ஏன் நிப்பாட்டினனான் எண்டு கேட்டிருப்பினம். பேந்து அவளைக் கேட்டிருப்பினம்.”

இன்று கோயிலில் சிவநேசம் மாமியிடம் தானே போய்ச் சொன்னார். “கிட்னி. பஃபலோவில.” மாமி, “ஹார்ட் எண்டல்லோ சொன்னனீங்கள்?” என்றார். “ஹார்ட்டுக்குக் கனபேர் இருக்கினம்,” என்றார் அப்பா. “உங்கட நாரிக்கும் ஆக்கள் இருக்கினம். கிட்னிக்குத்தான் ஆள் காணாது.” மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பஃபலோவோ? அங்க இஞ்சத்தைவிட ஸ்நோவெல்லோ,” என்றார். இனி நீங்கள் ஸ்நோவைப் பற்றி எவ்வளவும் கதைக்கலாம்.

புதன்கிழமையைப் பற்றி நீங்கள் ஒன்று பிழையாக நினைத்திருக்கிறீர்கள்.

அப்பா இருமல் என்று லீவு போட்டிருந்தார்; ஒரு இருமல் கூட இருமவில்லை. நாங்கள் மூன்று பேரும் குசினி மேசையில் இருந்தோம். தொலைபேசி நடுவில். என் கணக்கில் ஒரு ஓட்டை இருந்ததை அப்போதுதான் கண்டேன். உங்கள் ஊரில் நேரம் சுத்தம். ஆனால் அதே நேரம் எங்கள் வீட்டில், எங்கள் சூரியனில், முழு இராகு காலம். நீங்கள் திறக்கலாம், அம்மா கேட்கக்கூடாது. அம்மாவும் அதைக் கண்டுவிட்டார். கலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அப்போது மணி அடித்தது. அப்பா கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்து மேசையில் வைத்துவிட்டார். இரண்டாவது மணி. அம்மாவின் உதடு அசைந்தது. தேவாரமாக இருக்கலாம், இராகுவுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். மூன்றாவது மணி முடிய முதல் எடுத்தார்.

ஸ்பீக்கரில் போடவில்லை, அக்கா. காதோடு வைத்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. வெளியே ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அந்த முதுகு அசையவில்லை. பிறகு தோள் இரண்டும் மெல்ல இறங்கின. அப்பா அதைக் கண்டதும், “கிடைச்சிட்டுது,” என்று என் காதுக்குள் சொன்னார்.

அம்மா உங்களோடு நெடுநேரம் கதைத்தார், மிக மெதுவாக. பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடக் கேட்டிருக்காது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எழுத வேண்டாம். அது உங்களிடமே இருக்கட்டும்.

நத்தாருக்கு வாருங்கள். சுவர்ப் பக்கம் உங்களுக்கு.

உங்கள்,
தாட்சாயினி